நடுவு நின்ற நீதியரசர்: மகாதேவ கோவிந்த ரானடே

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் தமிழ்ச் சான்றோர் ஒருவரின் வரலாறு இடம்பெறுதல் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சிறிது விலகி, நாம் வந்து குடியேறி வாழ்கின்ற இம்மராட்டிய நாட்டிற் பிறந்த பெருந்தகை ஒருவரைப் பற்றி எழுதப் புகுகின்றோம். ஒரு நாட்டின் உப்பை உண்போர் அந்நாட்டுப் பெரியோரை அறிந்திருத்தல் கடமை என்பது நம் கருத்து.

நாசிக் ரோட்டிலிருந்து மன்மாடு செல்லும் இருப்புப் பாதையில் நிபாட் என்றொரு சிறு நிலையம் உண்டு. விரைவு வண்டிகள் பல அங்கு நில்லாமலே சென்றுவிடும். பயணிகளும் சன்னல் வழியே வெங்காய வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் கண்டு கடந்துவிடுவர். அவ்வூரில்தான் 1842 ஜனவரி 18ஆம் நாள் மகாதேவ கோவிந்த ரானடே பிறந்தார். நீதிபதி, சமயச் சீர்திருத்தவாதி, பொருளாதார அறிஞர், வரலாற்று ஆசிரியர் எனப் பலவாறு அவர் புகழப்படுகின்றார். அரசியலில் மட்டும் அவருக்கு மிதவாதி என்ற ஒற்றைப் பெயரே நிலைத்தது. மிதவாதி என்றால் அச்சமுடையவர், ஆள்வோர்க்கு அடங்கியவர் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரிதானா என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே பார்ப்போம்.

இளமையும் கல்வியும்

ரானடேயின் தந்தையார் கோல்ஹாப்பூர் சமஸ்தானத்தில் ஊழியம் செய்தவர். பிள்ளைப் பருவத்தைக் கோல்ஹாப்பூரில் கழித்த ரானடே, மேற்படிப்புக்காகப் பம்பாய் சென்று எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். 1857இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1859இல் அது நடத்திய முதல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றவர்களுள் ரானடேயும் ஒருவர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு அலுவலகத்தில் புகுந்த நம்போன்றோர்க்கு, அத்தேர்வின் முதல் அணியில் இத்தகைய ஒருவர் இருந்தார் என்பதே மகிழ்ச்சி தருகின்றது.

1862இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக வெளிவந்தோர் நால்வர். அவருள் ரானடேயும், பின்னர் வடமொழிப் பேரறிஞராக விளங்கிய ராமகிருஷ்ண கோபால பண்டார்க்கரும் இருந்தனர். 1864இல் எம்.ஏ., 1866இல் சட்டப் பட்டம் என ரானடேயின் கல்வி வளர்ந்தது. அளவிறந்து படித்ததனால் கண்கள் நோயுற்றன. அந்த இடர் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. செவிப்புலனும் மந்தமாயிருந்தது. பெரிய உடலும், உடையைப் பற்றிய கவலையின்மையும் உடைய அவரைக் கண்டோர் முதற்பார்வையில் பேரறிஞர் என்று மதித்திரார்.

நீதிமன்றத்தில்

ஆசிரியப் பணி, சமஸ்தானப் பணி முதலியவற்றிற்குப் பின், 1871இல் ரானடே பூனா நகரில் முதல்வகுப்புச் சார்பு நீதிபதியாக அமர்ந்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் தக்காணத்து உழவர்களின் துயரம் கொதிநிலையை எட்டியது. நிலவரி ஒருபுறமும் வட்டிக்கடன் மறுபுறமும் அவர்களை நெருக்கின. 1875 மே மாதம் பூனா மாவட்டத்துச் சூபே என்னும் ஊரில் உழவர்கள் திரண்டு, கடன் கொடுத்தோர் வீடுகளிற் புகுந்து கடன் பத்திரங்களைக் கைப்பற்றிக் கொளுத்தினர். கலகம் பல ஊர்களுக்குப் பரவிற்று. உழவர்களின் சினம் ஆட்களைவிடப் பத்திரங்களின் மீதே மிகுதியாகச் சென்றது. எழுத்தறியாத உழவன் கைந்நாட்டிட்ட தாளை நீதிமன்றம் அப்படியே ஏற்றுத் தீர்ப்பளித்து வந்ததே அதற்குக் காரணம்.

1879இல் தக்காண உழவர் துயர்தீர்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் உயிரான விதி ஒன்றுண்டு. கடன் வழக்கில் நீதிபதி பத்திரத்தில் எழுதிய தொகையை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. பத்திரத்தின் பின்னே சென்று, முதலில் கொடுத்த பணம் எவ்வளவு, ஏறிய வட்டி எவ்வளவு, திருப்பிச் செலுத்தியது எவ்வளவு என்று தொடக்கத்திலிருந்து கணக்குப் பார்த்தல் வேண்டும். கடனைத் தவணைகளில் தீர்க்கவும் வழி செய்யப்பட்டது. கடனுக்காக உழவனைச் சிறையிடுவதும் நிறுத்தப்பட்டது. பூனா, சதாரா, அகமதுநகர், சோலாப்பூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்கீழ் ரானடே நெடுங்காலம் பணிபுரிந்தார். 1887இல் அதற்குரிய தனி நீதிபதியாகவும் உயர்ந்தார். ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் சென்று, கீழ்நீதிமன்றங்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது அவர் பணியாயிற்று. சட்டத்தினால் மட்டும் உழவன் உய்யமாட்டான், குறைந்த வட்டிக்குக் கடன் தரும் உழவர் வங்கியும் கிராமத்திற்கு வெளியே பிழைப்பளிக்கும் தொழில்களும் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

பத்திரத்தின் பின்னே சென்று பார்த்தல் என்பது அவருக்கு ஒரு சட்ட விதியாக மட்டும் அமையவில்லை. சமயத்திலும் பொதுவாழ்விலும், தம்மைப் பகைத்தவர்களிடத்திலும் அவர் அவ்வாறே பார்த்தார் என்று நாம் கருதுகின்றோம்.

1893 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி காசிநாத் திரியம்பக் தெலாங் காலமானார். அவருடைய இடத்தில் அவ்வாண்டு இறுதியில் ரானடே அமர்ந்தார். அந்நாளில் இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய நீதித்துறைப் பதவிகளுள் அதுவே தலையாயது. இறக்கும்வரை அப்பதவியை அவர் வகித்தார்.

சமயத்தில்

1867இல் பம்பாயில் டாக்டர் ஆத்மாராம் பாண்டுரங்கர் முதலியோர் பிரார்த்தனை சமாஜத்தை நிறுவினர். ரானடேயும் பண்டார்க்கரும் அதிற் சேர்ந்து அதன் தூண்களாயினர். கடவுள் ஒருவரே, அவரை அன்பினால் வழிபடுதலே வழிபாடு என்பன அச்சமாஜத்தின் கொள்கைகள். ஆயினும் இந்து சமூகத்தை விட்டு வெளியேறித் தனிச் சமயம் காண ரானடே உடன்படவில்லை. துக்காராம், நாமதேவர், ஏகநாதர் முதலிய மராட்டிய அடியார்களின் வழியிலேயே தம் நம்பிக்கைக்கு அவர் வேர் தேடினார். 1900இல் வெளிவந்த மராட்டியர் எழுச்சி பற்றிய தம் நூலில், சிவாஜியின் வெற்றிக்கு வாளும் குதிரையும் மட்டும் காரணமல்ல, சாதி வேற்றுமை பாராது மக்களை ஒன்றுபடுத்திய அவ்வடியார்களின் இயக்கமே நிலத்தைப் பண்படுத்தியது என்று அவர் காட்டினார்.

வழக்கம் என்பதையும் அவர் ஒரு பத்திரமாகவே கண்டார். கைம்பெண் மறுமணம் கூடாது, சிறுமியரைப் பால பருவத்திலேயே மணம் முடித்தல் வேண்டும் என்றெல்லாம் வைதிகர் கூறியபோது, ரானடே பழைய நூல்களுக்குச் சென்று, முன்னாளில் மறுமணத்திற்கு இடமிருந்தது என்று ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் ஏறிய வட்டியை அசலென்று எண்ணுகின்றோம் என்பதே அவர் வாதத்தின் சாரம். குழந்தை மணம் பற்றி 1884இல் பெஹ்ராம்ஜி மலபாரி எழுப்பிய விவாதத்தில், அரசு சட்டம் செய்வது சமயத்தில் தலையிடுவதாகும் என்று பலர் எதிர்த்தனர். சமூகமே உணர்ந்து வேண்டும்போது தீங்கைத் தடுக்கச் சட்டம் துணைநிற்கலாம் என்பது ரானடேயின் நிலை. மணவாழ்வுக்குரிய இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் ஆதரித்தார்.

1875இல் சுவாமி தயானந்த சரஸ்வதி பூனாவிற்கு வந்து சொற்பொழிவாற்ற ரானடே ஏற்பாடு செய்தார். சுவாமியைச் சிறப்பித்து நடந்த ஊர்வலத்தில் ரானடேயும் ஜோதிராவ் புலேயும் உடன் சென்றனர். எதிர்ப்பாளர்கள் சேற்றை வாரி வீசினர். நகரின் நீதிபதி மீதும் அச்சேறு விழுந்தது.

இல்லத்தில்

பெரியோர் வரலாற்றில் அவர்தம் குறையை மறைப்பது நன்றன்று. ரானடே தாமே பத்திரத்தின் பின்னே பார்க்கச் சொன்னவர் ஆதலின், நாமும் பார்க்கவேண்டும்.

1873இல் அவர் முதல் மனைவியார் காலமானார். ரானடேக்கு அப்போது வயது முப்பத்தொன்று. கைம்பெண் மறுமணத்திற்காகப் பேசியும் எழுதியும் வந்த அவர், தாமே ஒரு கைம்பெண்ணை மணந்து வழிகாட்டுவார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தனர். தந்தையாரோ அதற்கு அஞ்சி, விரைந்து பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பேசி முடித்தார். ரானடே வேண்டிக்கொண்டும் தந்தையார் இசையவில்லை. முடிவில் மகன் பணிந்தார். அவ்வாண்டிலேயே திருமணம் நடந்தது. மறுமண இயக்கத்தில் அவருடன் நின்ற விஷ்ணு சாஸ்திரி பண்டிதர் மறு ஆண்டு தாமே ஒரு கைம்பெண்ணை மணந்து காட்டினார். சொல் ஒன்று, செயல் வேறு என்று ரானடேயை ஊரார் பழித்தனர். அப்பழி நியாயமானதே என்று நாம் சொல்லத்தான் வேண்டும். தந்தையின் மனத்தை நோகச் செய்யக்கூடாது என்ற மென்மை, கொள்கைக்காக நிற்கவேண்டிய நேரத்தில் அவரைத் தளர்த்திவிட்டது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. எழுத்தறியாது வந்த அச்சிறுமியாகிய ரமாபாய்க்கு ரானடே தாமே ஆசிரியரானார். மராட்டியும் பின்னர் ஆங்கிலமும் கற்பித்தார். வீட்டிலிருந்த பிற பெண்டிர் ஏளனம் செய்தனர். ரமாபாய் பொறுத்துப் படித்தார். 1884இல் பூனாவில் பெண்களுக்கென்று உயர்நிலைப் பள்ளி தோன்ற ரானடேயும் நண்பர்களும் பாடுபட்டனர். கணவர் மறைந்தபின் 1909இல் பூனா சேவா சதனம் ரமாபாய் அம்மையாரின் தலைமையில் எழுந்தது. கைம்பெண்களும் பிற மகளிரும் அங்குக் கல்வியும் செவிலியர் பயிற்சியும் பெற்றனர். 1910இல் அம்மையார் வெளியிட்ட நினைவு நூல் மராட்டிய இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றது. 1873இல் ரானடே பட்ட கடன் முழுவதும் தீர்ந்ததா என்று நாம் தீர்ப்புச் சொல்ல இயலாது. தவணை தவறாது செலுத்தி வந்தார் என்று மட்டும் சொல்லலாம்.

பொதுவாழ்வில்

1870இல் கணேச வாசுதேவ ஜோஷி பூனா சார்வஜனிக் சபையைத் தொடங்கினார். மறு ஆண்டு பூனா வந்த ரானடே அதன் அறிவும் எழுதுகோலும் ஆனார். அரசு ஊழியர் ஆதலின் மேடையில் முன்னிற்க இயலாது. எனினும் சபையின் மனுக்களும் 1878இல் தொடங்கிய அதன் காலாண்டு இதழின் கட்டுரைகள் பலவும் அவர் கையினின்று பிறந்தன. 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது ஊர் ஊராகச் செய்தி திரட்டி அரசுக்கு அறிவித்ததில் சபையின் பணி பெரிது.

மிதவாதியை அரசு நம்பியதா? அதுவும் இல்லை. 1879இல் வாசுதேவ பல்வந்த பட்கே ஆயுதமேந்திக் கிளர்ந்தபோது, பூனாவில் அரசு அலுவலகங்கள் இருந்த பழைய அரண்மனைகள் தீக்கிரையாயின. ரானடேக்கும் இதில் பங்குண்டோ என்று அரசு ஐயுற்றது. நாசிக்கிலிருந்த அவரைத் தூலியாவிற்கு மாற்றினர். அவர் கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்பட்டன. வேலைமாற்ற உத்தரவின் வலியை இரயில்வேக் குடும்பங்களாகிய நாம் அறிவோம். ஐயத்தின் பேரில் வந்த மாற்றம் எவ்வளவு கசந்திருக்கும்! ரானடே வாய் திறவாது பணியைத் தொடர்ந்தார். காலப்போக்கில் ஐயம் நீங்கிற்று. 1885இல் பம்பாய்ச் சட்டசபையில் அவருக்கு இடம் கிடைத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை பிறந்தபோது ரானடே பார்வையாளராக உடனிருந்தார். சமூகச் சீர்திருத்தத்திற்கும் ஆண்டுதோறும் ஒரு மாநாடு வேண்டும் என்று அவர் விரும்பினார். 1887 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது சமூக மாநாடும் முதன்முறையாகக் கூடியது. தலைமை தாங்கியவர் கும்பகோணத்திற் பிறந்த ராஜா சர் டி. மாதவ ராவ். மராட்டிய வழியினராய்த் தமிழ்நாட்டிற் பிறந்த அவரும், மராட்டிய நாட்டு ரானடேயும் நம் சென்னையில் ஒரே பணிக்காகக் கூடினர். தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து வாழும் நமக்கு இது நினைக்கத்தக்கது.

1894இல் சென்னைக் காங்கிரஸுக்குச் சென்று திரும்பும் வழியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கோகலே பிற்காலத்தில் கூறியுள்ளார். சோலாப்பூர் நிலையத்தில் ரானடே தம் முதல்வகுப்புப் பெட்டியினின்று இறங்கி, நண்பர்களுடன் பேசிக்கொண்டிருந்தார். அவ்வேளையில் இளம் ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறி, ரானடேயின் படுக்கையைக் கீழே தள்ளிவிட்டு அவ்விடத்தில் தாம் படுத்துக்கொண்டார். ரானடே சண்டையிடவில்லை. பூனா வந்ததும், தாம் அவமதித்தவர் உயர்நீதிமன்ற நீதிபதி என்று அறிந்து அந்த அதிகாரி மன்னிப்புக் கேட்க நெருங்கினார். ரானடே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். இதை மேலே கொண்டுபோகவேண்டாமா என்று மறுநாள் கோகலே வினவினார். தாழ்த்தப்பட்ட நம் மக்களை நாம் நடத்துகின்ற முறையை எண்ணிப் பார்க்கும்போது, இதற்காக வழக்காட நம் மனச்சான்று இடந்தருமா என்று ரானடே திருப்பிக் கேட்டாராம். தாம் பட்ட இழிவின் பின்னே சென்று, தம் சமூகம் பிறர்க்குச் செய்யும் இழிவைக் கண்டவர் அவர்.

பந்தலை விட்டவர்

1890இல் பூனாவில் கிறித்தவப் பாதிரிமார் கூட்டம் ஒன்றில் ரானடே, திலகர், கோகலே முதலியோருக்குத் தேநீர் வழங்கப்பட்டது. பெயர்ப்பட்டியல் செய்தித்தாளில் வெளியாக, வைதிகர் சங்கராச்சாரியரிடம் முறையிட்டனர். சென்றவர்களின் குடும்பங்கள் சாதிக்கட்டுப்பாட்டினால் துன்புற்றன. தாம் தவறு செய்ததாக ரானடே எண்ணவில்லை. ஆயினும் நண்பர்களின் துன்பத்தைப் பொறாது அவர்களுடன் பிராயச்சித்தம் செய்துகொண்டார். சீர்திருத்தக்காரர் கோழை என்றனர். வைதிகரோ அவரை நம்பவில்லை. நடுவில் நிற்பவனுக்கு இருபுறமும் அடி என்பது இதுதான்.

1895இல் காங்கிரஸ் பூனாவில் கூடியது. சமூக மாநாட்டிற்குக் காங்கிரஸ் பந்தலைத் தரக்கூடாது என்று திலகர் தரப்பினர் எதிர்த்தனர். பந்தலைக் கொளுத்துவோம் என்ற மிரட்டலும் எழுந்தது. ரானடே பந்தலை விட்டுக்கொடுத்தார்; ஆனால் மாநாட்டை விடவில்லை. வேறோர் இடத்தில் தனிப் பந்தலில் மாநாடு குறைவின்றி நடந்தது. எதிர்த்தவர்களை இகழாமல், அவர்கள் எதிர்ப்பின் காரணங்களை அவர் எடுத்து ஆராய்ந்தார். சார்வஜனிக் சபையும் அவ்வாண்டில் திலகர் தரப்பினர் வசமாயிற்று. இருபத்துநான்கு ஆண்டுகள் தாம் வளர்த்த சபை கைவிட்டுப் போனபின், 1896இல் தக்காண சபையைத் தொடங்கி அவர் பணியைத் தொடர்ந்தார்.

1900 டிசம்பரில் லாகூர் மாநாட்டிற்குச் செல்ல உடல்நிலை இடந்தரவில்லை. தொடங்கிய நாள்முதல் ஆண்டுதோறும் சென்றுவந்த மாநாடு அது. அவருக்காகக் கோகலே சென்றார். 1901 ஜனவரி 16ஆம் நாள் பம்பாயில் ரானடே காலமானார். இன்னும் இரண்டு நாட்களில் அவருக்கு ஐம்பத்தொன்பது நிறைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்ற திலகர், தம் கேசரி இதழில், உறைந்து கிடந்த மராட்டியத்திற்கு உயிரூட்டியவர் ரானடே என்ற கருத்துப்பட எழுதிப் போற்றினார். எதிராளியின் கையினின்று வந்த இந்தச் சான்றினும் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

ரானடேயின் மாணவர் கோகலே 1905இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். கோகலேக்குப் பின் 1915இல் அச்சங்கத்தின் தலைமையை ஏற்றவர் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். கோகலேயைத் தம் அரசியல் குருவென்று காந்தியடிகள் போற்றினார். 1943இல் ரானடேயின் பிறந்தநாளன்று பூனா தக்காண சபையில் டாக்டர் அம்பேத்கர் ஆற்றிய உரை நூலாக இன்றும் பயிலப்படுகின்றது. சமூகம் திருந்தாமல் அரசியல் உரிமை நிலைக்காது என்ற ரானடேயின் கொள்கையை அதில் அவர் உயர்த்திப் பேசினார்.

மிதவாதம் அச்சத்தின் மறுபெயரா என்று தொடக்கத்தில் கேட்டோம். 1873இல் அவர் தளர்ந்தார் என்பது உண்மை. ஆனால் சேறு விழுந்தபோதும், அரசு ஐயுற்றபோதும், சபை பறிபோனபோதும் அவர் தம் பணியை ஒருநாளும் நிறுத்தவில்லை. அச்சமுடையவர்க்கு அது இயலாது.

வெளியூரில் சிலராய்க் கூடிச் சங்கம் நடத்தும் நமக்கு இவ்வரலாறு மிக நெருங்கியது. நம்போன்ற சங்கங்களில் கருத்து வேற்றுமை எழுதல் இயல்பு. யார் தலைவர், யார் பெயர் அழைப்பிதழில் முன்னே என்பதில் மனம் புண்பட்டு, ஒரே காலனியில் இரண்டு சங்கங்கள் தோன்றியதும் உண்டு. அத்தகைய வேளையில் எதிரே இருப்பவர் சொல்லின் பின்னே உள்ள குறை யாது என்று ஒருமுறை பார்ப்போம். விட்டுக்கொடுக்க வேண்டியது பந்தலா, பணியா என்று எண்ணுவோம். பந்தலை விட்டுக்கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் கற்பிக்கும் பணியை விடலாகாது. அடுத்தமுறை நிபாட் நிலையத்தைக் கடக்கும்போது, சன்னலோரத்துப் பிள்ளைகளுக்கு அவ்வூர்ப் பெயரைக் காட்டி, இங்கு ஒரு நல்ல நீதிபதி பிறந்தார் என்று பெற்றோர் சொல்வார்களாக.